முளையும் தரையும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற பழமொழியைப் பள்ளி ஆண்டுவிழாக்களில் கேட்காமல் தப்பியவர் நம்மில் எவரும் இரார். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், ஏன், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், கோப்பை வாங்க மேடையேறும் சிறுவனின் தோளில் கைவைத்துச் சிறப்பு விருந்தினர் இதைச் சொல்வார். கைதட்டல் எழும். கைதட்டுவோரில் பலர் விவசாயக் குடும்பத்தினர். முளை கண்ணில் படுவதற்கு முன் உழவு, எரு, கண்மாய்த் தண்ணீர் என்று எத்தனை நடந்திருக்க வேண்டும் என்பதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அல்லர். ஆயினும் குழந்தைகளைப் பற்றிய பேச்சென்றால் மட்டும் அவ்வறிவை வயலிலேயே விட்டுவிட்டு வந்து கைதட்டுகிறார்கள்.

இப்பழமொழி இன்று ஒரு சாக்காகிவிட்டது என்பதே எங்கள் வாதம். திறமை இருந்தால் அது தானே வெளிப்படும். வெளிப்படவில்லை என்றால் இருந்திருக்காது. இந்தத் தர்க்கத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் நகராட்சிக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் செய்ய வேண்டிய வேலை ஏதும் மிஞ்சாது. மேதை பிறக்கும்வரை காத்திருக்கலாம். பிறந்தபின் பொன்னாடை போர்த்தலாம்.

இதை மறுப்பதற்கு நாங்கள் எடுத்துக்கொள்ளும் விளையாட்டு கோல்ஃப். இலக்கியம் பேசும் இடத்தில் கோல்ஃப் எதற்கு என்று கேட்கலாம். அதுவும் இராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் முன்னிறுத்திப் பேசும்போது எதற்கு என்றும் கேட்கலாம். இவ்விரு ஊர்களிலும் கோல்ஃப் திடல் இல்லை. அதுதான் காரணம். கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் 1895-இல் தொடங்கிய கோல்ஃப் மன்றம் இன்றும் இருக்கிறது. அந்த மலையின் தொடர்ச்சி நம் ஊர்களுக்கு மேற்கிலும் நிற்கிறது. ஆனால் அந்த விளையாட்டு மலையிறங்கி இவ்வழி வந்ததில்லை. கிரிக்கெட்டில் மேதை எப்படி உருவாகிறான் என்று கேட்டால் தெருவைக் காட்டி மழுப்பிவிடலாம். கோல்ஃபில் அப்படி மழுப்ப வழியில்லை. பதினெட்டுக் குழிகள் கொண்ட திடலுக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். நிலம் எங்கே, அது யாருடையது, அதன் வாயில் யாருக்குத் திறக்கும் என்ற கேள்விகள் அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லாமல் வெளிச்சத்தில் நிற்கின்றன.

*

அதிதி அசோக்கை எடுத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்டில், தொற்றுக்காலத்தால் ஓராண்டு தள்ளிப்போன தோக்கியோ ஒலிம்பிக்கில், உலகத் தரவரிசையில் 200-ஆம் இடத்திலிருந்த இந்தப் பெண் நான்கு நாள்களும் பதக்கப் போட்டியில் நின்றார். இறுதியில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கத்தை இழந்து நான்காமிடம் பெற்றார். அதுவரை கோல்ஃபின் விதிகளையே அறியாத நாடு அதிகாலையில் எழுந்து தொலைக்காட்சிமுன் அமர்ந்தது. பிறகு நிகழ்ந்ததையும் நாமறிவோம். 'எங்கிருந்தோ வந்த அதிசயம்' என்ற தொனியில் புகழுரைகள் குவிந்தன.

அவர் எங்கிருந்தோ வரவில்லை. பெங்களூரிலிருந்து வந்தார். 1998-இல் பிறந்த அவருக்கு ஐந்து வயதானபோது, குடும்பம் உணவருந்தச் செல்லும் இடத்துக்கு அருகில் கோல்ஃப் பயிற்சித் திடல் ஒன்று இருந்தது. குழந்தை பார்த்தாள், கேட்டாள், அழைத்துச் சென்றார்கள். நகரத்தில் அப்போது இருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்க திடல்கள். அவற்றில் ஒன்று அந்தக் குடும்பம் சென்றடையும் தொலைவில் இருந்தது. தந்தை அசோக் குட்லமணி மகளுக்காகப் பை சுமந்து திடல் திடலாகச் சென்றார். தோக்கியோவில் அப்பையைச் சுமந்தவர் தாய் மகேஸ்வரி. 2011-இல், பதின்மூன்றாம் வயதில், தொழில்முறை ஆட்டக்காரிகள் கலந்துகொண்ட இந்தியப் போட்டியொன்றை வென்றார். 2013-இல் ஆசிய இளையோர் விளையாட்டு, 2014-இல் இளையோர் ஒலிம்பிக்கும் ஆசிய விளையாட்டும், 2015-இல் பிரித்தானிய மகளிர் அமெச்சூர் ஸ்ட்ரோக் பிளே பட்டம் என்று ஏறி, 2016-இன் தொடக்கத்தில் தொழில்முறைக்கு மாறினார். அவ்வாண்டே ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். இந்திய மகளிர் ஓப்பன் பட்டத்தையும் வென்றார். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெள்ளி பெற்றார்.

முதல் படிக்கும் தோக்கியோவுக்கும் இடையே பதினேழு, பதினெட்டு ஆண்டுகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு திடல், ஒரு பயிற்றுநர், ஒரு பயணச்சீட்டு, வேலையை விட்டுவிட்டு உடன்வரக்கூடிய ஒரு பெற்றோர். இதில் அதிதியின் பெருமை எள்ளளவும் குறைந்துவிடவில்லை. இத்தனையும் கிடைத்த குழந்தைகளில் எத்தனை பேர் ஒலிம்பிக்கின் இறுதி நாளில் நின்றார்கள்? அந்த உறுதி அவருடையது. ஆனால் அவ்வுறுதி வெளிப்பட ஒரு தரை வேண்டியிருந்தது. அதைக் கதையிலிருந்து நீக்கிவிட்டு 'பிறவி மேதை' என்று எழுதுவது அவரைப் புகழ்வதாகாது. பதினேழு ஆண்டு உழைப்பைப் பிறந்த நாளின் கணக்கில் எழுதிவிடும் அவமதிப்பு அது.

உலகறிந்த மேதையின் கதையும் இவ்வாறே. டைகர் உட்ஸ் இரண்டு வயதில், 1978-இல், அமெரிக்கத் தொலைக்காட்சியில் பந்தடித்துக் காட்டிய காட்சி திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. அவர் தந்தை இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர் என்பதும், அதனால் கடற்படைக்குச் சொந்தமான திடலொன்றின் வாயில் அந்தக் குடும்பத்துக்குத் திறந்தது என்பதும் அக்காட்சியில் தெரிவதில்லை. இன்னும் பின்னே சென்றால் 1913. அமெரிக்க ஓப்பனில் ஹாரி வார்டன், டெட் ரே என்ற இரு ஆங்கிலேய ஜாம்பவான்களை இருபது வயது அமெச்சூர் பிரான்சிஸ் விமெட் வென்றார். பத்து வயதுப் பையன் ஒருவன் அவருக்குப் பை சுமந்தான். விமெட் எளிய குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே மேதைமைக்கு வசதி தேவையில்லை என்பதற்கு அவரைச் சான்று காட்டுவோர் உண்டு. ஆனால் புரூக்லைனில் அந்தக் குடும்பம் வாழ்ந்த வீடு, அந்தப் போட்டி நடந்த திடலின் பதினேழாம் குழிக்கு எதிரே, தெருவைக் கடந்தால் போதும் என்ற தொலைவில் இருந்தது. வசதி என்பது பணமாக மட்டும் வருவதில்லை. அண்டைவீடாகவும் வரும்.

*

அமெச்சூர் என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். அன்பினால் செய்பவர் என்பது அதன் வேர்ப்பொருள். சிற்றிதழ் நடத்திக் கைப்பொருளை இழந்த மரபில் வந்த நமக்கு அச்சொல்லின் மீது தனிப் பாசம் உண்டு. ஆனால் விளையாட்டின் வரலாற்றில் அது ஒரு வாயிற்காப்போனாக வேலை பார்த்திருக்கிறது. பதினாறு வயதுக்குப் பின்னும் கூலிக்குப் பை சுமந்தவன் தொழில்முறையாளன். அவன் அமெச்சூர் போட்டியில் ஆடலாகாது என்பது விமெட் காலத்து அமெரிக்க விதி. சிறுவயதில் பை சுமந்த விமெட், அமெச்சூர் தகுதியைக் காத்துக்கொள்ளவே பதினாறு வயதில் அவ்வேலையை நிறுத்தினார். பின்னர் விளையாட்டுப் பொருள் கடை நடத்தினார் என்பதற்காக 1916-இல் அத்தகுதியை அவரிடமிருந்து பறித்து, 1918-இல் திருப்பிக் கொடுத்தார்கள். பிழைப்புக்காக உழைக்காதவனின் அன்பே தூய அன்பு என்ற இக்கொள்கையை வகுத்தவர்கள் யார் என்று ஊகிக்கக் கடினமில்லை.

இந்தியாவில் இதை வேறு விதமாகக் காணலாம். பிரித்தானியாவுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் மன்றம் 1829-இல் கல்கத்தாவில் தொடங்கியது. அன்று முதல் இந்தியத் திடல்களில் இரண்டு வாயில்கள் இருந்து வந்துள்ளன: உறுப்பினர் வருவது ஒன்று, பை சுமப்பவர் வருவது மற்றொன்று. இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியர் பி.ஜி. சேத்தி, ஆண்டு 1965, அவர் அமெச்சூர். அப்பட்டத்தை முதன்முதலில் வென்ற இந்தியத் தொழில்முறையாளர் அலி ஷேர், ஆண்டு 1991, அவர் டில்லியில் பை சுமந்தவர். 2009-இல் வென்ற சின்னசாமி முனியப்பா பெங்களூரில் பை சுமந்தவர். இவ்விருவரையும் 'குழந்தை மேதை' என்று எவரும் எழுதியதில்லை. அவர்கள் குழந்தைகளாக இருந்தபோது அவர்களுடைய வீச்சை எவரும் கவனித்துக்கொண்டிருக்கவில்லை என்பதே காரணம். மேதை என்ற பட்டம் திறமைக்குத் தரப்படுவதன்று. கவனிக்கப்பட்ட திறமைக்குத் தரப்படுவது. பை சுமக்கும் சிறுவனிடம் எவரும் முளையைத் தேடுவதில்லை. பந்தைத் தேடச் சொல்வார்கள்.

இங்கே ஒரு மறுப்பு வரும். அதை எதிர்கொள்ளாமல் நகர்வது நேர்மையாகாது. ஹரியானாவின் இஸ்ரானா கிராமத்தில் பால் வியாபாரியின் மகனாகப் பிறந்த சுபம் ஜக்லான், 2015-இல், பத்து வயதில், அமெரிக்காவில் இரண்டு உலக இளையோர் பட்டங்களை வென்றான். வயல்வெளியில் பயிற்சி செய்தான். திடலும் இல்லை, பணமும் இல்லை. முளை தானே தெரிந்ததே என்பார்கள்.

தெரிந்தது, உண்மை. ஆனால் எப்படி? வெளிநாட்டில் வாழ்ந்த ஒருவர் அக்கிராமத்தில் கோல்ஃப் பயிற்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அது நீடிக்கவில்லை. ஆயினும் மட்டைகளும் ஆசையும் அச்சிறுவனிடம் எஞ்சின. அதன்பின் ஓர் அறக்கட்டளையும் டில்லியில் ஒரு பயிற்றுநரும் அவனைக் கைதூக்கி விட்டார்கள். சில மாதங்களே திறந்திருந்த ஒரு கதவு போதுமாயிருந்தது என்பதே இக்கதையின் பாடம். அது திறக்காதிருந்தால் அக்கிராமத்தில் கோல்ஃப் மேதை எவரும் பிறக்கவில்லை என்றே நாம் இன்றும் நினைத்துக்கொண்டிருப்போம். அவ்வாறு நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கிராமங்கள் எத்தனை என்பதே கேள்வி.

*

இனி நம் ஊர்களுக்கு வருவோம். தமிழின் மிகப்பெரிய இளம் மேதையின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். இளம் வயதிலேயே முதிர்ந்து கனிந்தவள் என்று வைணவ மரபு போற்றும் ஆண்டாளைப் பற்றிய கதையைக் கூர்ந்து கேட்டுப் பாருங்கள். குழந்தை எங்கே கிடைத்தாள்? துளசிச் செடியின் அடியில். அத்துளசி எங்கே இருந்தது? விஷ்ணுசித்தர் கொத்தி, பாத்தி கட்டி, நீர் வார்த்து வளர்த்த நந்தவனத்தில். அங்கே நாள்தோறும் பூமாலை கட்டப்பட்டது. பெருமாள்மீது பாடல் எழுந்தது. கண்ணனின் குழந்தைப் பருவத்தைப் பாடிய ஒரு கவிஞரின் வீட்டில் அவள் வளர்ந்தாள். பூமியில் தானே தோன்றியவள் என்று சொல்லவந்த மரபுகூட, அந்தப் பூமியைப் பண்படுத்தப்பட்ட பூமியாகத்தான் கற்பனை செய்திருக்கிறது. குழந்தைக்கு முன்னே தோட்டம் வந்துவிடுகிறது.

அதே ஊரில் இன்னொரு கதையும் உண்டு. சாத்திரப் பயிற்சி இல்லாத விஷ்ணுசித்தர் பாண்டியன் அவைக்குச் சென்று, பண்டிதர்களை இறையருளால் வென்று பொற்கிழி பெற்றார் என்பது அது. இரண்டும் பக்தியின் கதைகளே. இரண்டையும் வணங்குவோர் மனத்தை நாங்கள் நோகடிக்க விரும்பவில்லை. ஆனால் பிள்ளை வளர்ப்புக்கும் பள்ளி நடத்தவும் நாம் எடுத்துக்கொண்டது பொற்கிழிக் கதையைத்தான். அதில் மண்வெட்டி இல்லை. நந்தவனக் கதையோ தினமும் காலையில் எழுந்து தண்ணீர் ஊற்றச் சொல்கிறது.

இராஜபாளையத்தார் இதற்கு வேறொரு பதில் வைத்திருக்கக்கூடும். குலத்தில் இருந்தால்தான் வரும் என்று சொல்ல அவர்களுக்குச் சான்று உண்டு. ஊரின் பெயர் தாங்கிய வேட்டை நாய்க்கு 2005-இல் அஞ்சல்தலையே வெளியிட்டார்கள். ஆனால் அந்த நாயை வளர்ப்பவர்களைக் கேட்டால் அவர்களே சொல்வார்கள்: எத்தனை நல்ல இனத்துக் குட்டியானாலும் சங்கிலியிலேயே கிடந்தால் ஓடப் பழகாது. நாய்க்குத் தெரிந்த நியாயம் பிள்ளைக்குப் பொருந்தாமல் போவது எப்படி?

இராஜபாளையத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராயிருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். பாட்டுக் கேட்கவும் கூத்துப் பார்க்கவும் எவரும் வரக்கூடிய இடமாக ஒரு தனிமனிதரின் வீடு மாறியது. இசைமேதை பிறக்கட்டும், பிறகு மன்றம் கட்டலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. மன்றம் முதலில் வந்தது. அவ்வூரார் அம்மனிதரின் சிலைக்கு மாலையிடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல் அச்செயலையும் பின்பற்றலாம்.

விளையாட்டிலும் அருகிலேயே சான்று உண்டு. கோவில்பட்டியை ஹாக்கிப்பட்டி என்று செல்லமாக அழைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே ஹாக்கி ஆடுகிறார்கள், போட்டிகள் நடக்கின்றன, அரசின் பயிற்சி விடுதியும் செயற்கைப் புல்தரையும் வந்தன. 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் தமிழ்நாட்டுக்காரர் இருவர் இருந்தனர்: கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரின் கார்த்தி செல்வம். இருவரும் கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர்கள். அரியலூர்ப் பிள்ளையும் அங்கே வந்துதான் வளர்ந்தார் என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். கோவில்பட்டிக் கரிசலுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரின் மண்ணுக்கும் பிள்ளைகளின் கால்களில் வேறுபாடு ஏதும் இருப்பதாக எவரும் கண்டறியவில்லை. சதுரங்கத்திலும் அப்படியே. சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972-இல் தால் சதுரங்கக் கழகம் தொடங்கியது; சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கே சென்று ஆடினான். பலகைகளும் எதிராளிகளும் அவனுக்கு முன்பே அங்கே காத்திருந்தன.

*

எனவே இராஜபாளையத்தில் கோல்ஃப் திடல் வேண்டும் என்று கேட்கிறோமா? இல்லவே இல்லை. மலைமறைவில் மழைக்கு ஏங்கும் பகுதியில், பயிருக்குத் தண்ணீர் போதாத ஊரில், நூறு ஏக்கர் புல்லுக்கு நீர் பாய்ச்சச் சொல்லும் பைத்தியம் எங்களுக்கு இல்லை. கோல்ஃப் எங்களுக்கு உண்மையைப் பெரிதாக்கிக் காட்டிய ஒரு கண்ணாடி மட்டுமே. அதில் தெரிந்ததை நம் ஊர் அளவுக்குச் சுருக்கினால் எஞ்சும் கோரிக்கைகள் மிகச் சிறியவை. அவற்றுக்கு அறிஞர் குழு அமைக்க வேண்டியதில்லை.

முதலாவது: மாலை ஐந்து மணிக்குப் பிறகு பள்ளி மைதானத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? அரசுப் பள்ளியோ அறக்கட்டளைப் பள்ளியோ, மக்களின் வரியாலும் கொடையாலும் வந்த நிலம் அது. மாணவர் வீடு திரும்பிய பிறகு, அந்தப் பள்ளியில் படிக்காத தெருப்பிள்ளைக்கும் அது திறக்கப்பட வேண்டும். வாகனம் நிறுத்தவும் பொருட்காட்சி நடத்தவும் திறக்கும் வாயில் பிள்ளைகளுக்கும் திறக்கும்.

இரண்டாவது: உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும். திருப்பித் தரப்படாத கடனுக்குத் திருட்டு என்று பெயர்.

மூன்றாவது: பெண்பிள்ளைகள். பூப்பெய்திய மறுநாளே மைதானத்தை விட்டு நீக்கப்படும் சிறுமி, மேதையா இல்லையா என்று அறியும் வாய்ப்பையே நாம் அழித்துவிடுகிறோம். ஆண்டாளின் ஊர் இதைச் செய்வது கூடுதல் வெட்கம்.

நான்காவது, எழுதுகிறவர்களுக்கு, ஆகவே எங்களுக்கும். ஓர் இளம் சாதனையாளரைப் பற்றி எழுதும்போது அவர் எந்தத் தரையில் நின்று ஆடினார், அது யாருடையது, அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார், செலவை யார் ஏற்றார் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதாமல் 'அதிசயம்' என்ற சொல்லைத் தொடாதிருப்போம். அதிசயம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நகராட்சி ஒளிந்துகொள்ள முடிகிறது. ஒரு பள்ளி ஒளிந்துகொள்ள முடிகிறது. ஒரு சமூகமே ஒளிந்துகொள்ள முடிகிறது.

எல்லாப் பிள்ளைகளும் மேதைகள் என்று நாங்கள் சொல்லவில்லை. அது முகத்துதி. ஒரே திடலில் ஒரே பயிற்றுநரிடம் பழகிய இருவரில் ஒருவர் முன்னே செல்வார். அந்த வேறுபாடு உண்மையானது, அழகானது, விளையாட்டைப் பார்க்கத் தூண்டுவதே அதுதான். ஆனால் அந்த வேறுபாட்டை அறிய இருவரும் திடலுக்குள் இருந்தாக வேண்டும். வேலிக்கு வெளியே நிற்பவனை வேகமாக ஓடத் தெரியாதவன் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை எந்தப் பழமொழிக்கும் இல்லை.

அடுத்த ஆண்டுவிழாவில் அந்தப் பழமொழி மீண்டும் ஒலிக்கும். அப்போது அவையிலிருந்து யாரேனும் ஒருவர் எழுந்து, 'ஐயா, மைதானத்துச் சாவியை யார் வைத்திருக்கிறார்கள்?' என்று மட்டும் கேட்டால் போதும்.